பைண்டு செய்த தொடர்கதையும் கிண்டில் பூட்டும்

அன்புள்ள ஐயா,

ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை செய்கிறேன். 2017 முதல் அமேசானின் கிண்டிலில் தமிழ்ப் புத்தகங்கள் வாங்கிவருகிறேன். முன்னூறுக்கு மேல் இருக்கும். காலை ஷிப்டுக்குப் போகும்போது கம்பெனி பஸ்ஸில் போனில் படிப்பேன். இரவு குழந்தை தூங்கிய பிறகு டேப்லெட்டில். ஞாயிற்றுக்கிழமை கிண்டில் கருவியில். எதில் விட்டேனோ அங்கிருந்தே அடுத்ததில் தொடரும்.

போன மாதம் கிண்டில் கருவி பழுதாகிவிட்டது. கனடாவிலிருந்து வந்த தம்பி, கிண்டில் மாதிரியே மின்னூல் படிக்கிற கோபோ என்ற கருவி ஒன்றைக் கொடுத்தான். நான் வாங்கிய புத்தகம் ஒன்றுகூட அதில் திறக்கவில்லை. தோழி ஒருத்தி என்னை ஒரு வாட்ஸப் குழுவில் சேர்த்துவிட்டிருக்கிறாள். அங்கே வரும் பிடிஎஃப்கள் எல்லாக் கருவியிலும் திறக்கின்றன. காசு கொடுத்த எனக்குத்தான் சிரமம். ஏற்கெனவே வாங்கிய புத்தகத்தை அங்கிருந்து எடுத்துப் படித்தால் தப்பா? கிண்டில் புத்தகங்களுக்குப் போட்டிருக்கும் பூட்டை உடைத்து கோபோவுக்கு மாற்றலாமா? தமிழ் படிக்க எந்தக் கருவி நல்லது? இப்படித் திரை மாற்றி மாற்றிப் படித்தால் கவனம் சிதறுமா? கண் எரிச்சலும் இருக்கிறது.

க., ஓசூர்

*

அன்புள்ள க.,

எந்தக் கருவி வாங்கலாம் என்று கேட்டு வரும் கடிதங்களுக்கு நான் பொதுவாகப் பதில் போடுவதில்லை. அதற்கு யூடியூபில் ஆட்கள் இருக்கிறார்கள். உங்களுக்கு எழுதக் காரணம், கடிதம் வந்த அதே வாரத்தில்தான் என் பதிப்பாளரோடு இந்த விஷயத்தில் எனக்குப் பெரிய வாக்குவாதம் நடந்தது. புது நாவலின் மின்னூலை அமேசானில் ஏற்றும்போது டிஆர்எம் வேண்டுமா வேண்டாமா என்று ஒரு கேள்வி வரும். டிஆர்எம் என்றால், நகலெடுக்கவோ வேறு கருவிக்கு மாற்றவோ முடியாதபடி மின்னூலுக்குப் போடுகிற பூட்டு. வேண்டும் என்று போடுவோம் என்றார் அவர். வேண்டாம் என்றேன் நான். “பூட்டாவிட்டால் மறுநாளே டெலிகிராமில் வந்துவிடும் சார்” என்றார்.

போன நாவலைப் பூட்டித்தான் போட்டோம். அதுவும் டெலிகிராமில் வந்தது. அனுப்பிவைத்த நண்பர் என் வயிற்றெரிச்சலைக் கிளப்புவதற்கென்றே அனுப்பினார் போல. திறந்து பார்த்தேன். அச்சுப் புத்தகத்தைப் பிரித்துப் பிடித்து ஸ்கேன் செய்திருக்கிறார்கள். இடதுபக்க ஓரங்களில் எல்லாம் ஒரு கட்டைவிரல் தெரிகிறது. நகத்தில் மருதாணி. நடுவில் இரண்டு பக்கம் விடுபட்டிருக்கிறது. திருடியவர் மின்னூல் பக்கமே போகவில்லை. நாங்கள் போட்ட பூட்டு அவரை ஒன்றும் செய்யவில்லை. அது யாரைத் தடுத்தது என்றால், காசு கொடுத்து வாங்கி, பஸ்ஸில் போனிலும் ராத்திரி டேப்லெட்டிலும் படிக்கிற உங்களைத்தான் தடுத்தது. இதைத்தான் பதிப்பாளருக்கு விளக்க முடியாமல் தவித்துக்கொண்டிருந்தேன். உங்கள் கடிதத்தை அப்படியே அவருக்கு அனுப்பிவிட்டேன், பெயரை எடுத்துவிட்டு.

அதற்காக அந்த வாட்ஸப் குழுவை நியாயப்படுத்துகிறேன் என்று நினைக்க வேண்டாம். அதில் எனக்குக் கோபம்தான். “ஏற்கெனவே வாங்கிய புத்தகம்தானே” என்கிறீர்கள். சரி, நாளைக்கு அந்தக் குழுவில் நீங்கள் வாங்காத புத்தகம் ஒன்று வரும். அப்போது விரல் சும்மா இருக்குமா? இருக்காது. தமிழில் ஒரு நாவல் சில நூறு பிரதிகள் விற்றாலே பதிப்பாளர் டீ வாங்கிக் கொடுக்கிறார். அந்த நிலைமையில் ஒரு குழுவில் நூற்றுக்கணக்கான பேர் உட்கார்ந்துகொண்டு “அடுத்த வாரம் எது?” என்று கேட்பதை வாசிப்பு ஆர்வம் என்று என்னால் சொல்ல முடியாது. தயவுசெய்து வெளியே வாருங்கள். தோழி கோபித்துக்கொண்டால் என் பெயரைச் சொல்லுங்கள். இன்னொன்று, முன்னூறு வாங்கினேன் என்று எழுதியிருக்கிறீர்கள். எத்தனை படித்தேன் என்று எழுதவில்லை. தள்ளுபடி வந்ததும் வாங்கிப் போடுகிற பழக்கம் எனக்கும் தெரியும். படிக்காத புத்தகம் எந்தக் கருவியில் திறந்தால் என்ன?

கவனம் சிதறுமா என்றால், சிதறாது. பஸ்ஸில் அந்தக் குலுக்கலில் படிக்கிற ஆளுக்கு இந்தச் சந்தேகமே வரக்கூடாது. கருவி எது நல்லது என்பதை விடுகிறேன்.

கோபோவில் ஏன் திறக்கவில்லை என்பதை மட்டும் சுருக்கமாகச் சொல்கிறேன். மின்னூல் உலகில் பெரும்பாலானவர்கள் இபப் என்ற பொது வடிவத்தில் நிற்கிறார்கள். கோபோவும் அப்படித்தான். அமேசான் 2005இல் மோபிபாக்கெட் என்ற பிரெஞ்சு நிறுவனத்தை வாங்கி, அதிலிருந்து தன் வடிவத்தை வளர்த்துக்கொண்டது. ஆக வடிவம் வேறு, அதன்மேல் பூட்டு வேறு. போன், டேப்லெட், கிண்டில் மூன்றிலும் புத்தகம் விட்ட இடத்தில் திறக்கிறதே, அது மூன்றும் ஒரே கடையின் ஜன்னல்கள் என்பதால்தான். கடையை விட்டு வெளியே வந்தால் கையில் ஒன்றும் இருக்காது. முன்பு வாங்கிய கோப்பைக் கணினியில் இறக்கி யூஎஸ்பி கம்பி வழியாகக் கருவிக்கு மாற்ற ஒரு வசதி இருந்தது. 2025 பிப்ரவரி 26ஆம் தேதியோடு அதையும் எடுத்துவிட்டார்கள்.

எனக்கு இதில் ஆறாத ஆத்திரம் இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. என் அத்தை விருதுநகரில் இருந்தார். வாரப் பத்திரிகை வந்தால் முதலில் மாமா, அப்புறம் பிள்ளைகள், அப்புறம் பக்கத்து வீடு. எல்லோரும் முடித்த பிறகு பத்திரிகை அத்தை கைக்கு வரும். கத்தி முனையால் நடுப்பின்னை நெம்பி எடுத்து, தொடர்கதைத் தாள்களை மட்டும் உருவி, டிரங்குப் பெட்டியில் வரிசையாக அடுக்குவார். தொடர் முடிந்ததும் அந்தக் கட்டு பைண்டர் கடைக்குப் போகும். பள்ளிக்கூட நோட்டுகளுக்கு அட்டை போடுகிற கடைதான். மைதாவைக் காய்ச்சி, பூச்சி வராமல் இருக்க மயில்துத்தம் கலந்த பசை. பக்கவாட்டில் ஊசி குத்தித் தைத்து, முதுகில் காலிகோ துணி ஒட்டித் தருவார்கள். தையலுக்குள் வரிகளின் முதல் ஒன்றிரண்டு எழுத்துகள் போய்விடும். அதை ஊகித்துப் படிக்கப் பழகியதால்தானோ என்னவோ, இன்றும் எனக்கு அச்சுப்பிழை கண்ணில் படுவதில்லை. அத்தியாயம் முடிகிற தாளின் பின்பக்கத்தில் வெண்டைக்காய் வற்றல் போடும் முறை பாதி இருக்கும். மீதிப் பாதி எந்த வீட்டு அடுப்புக்குப் போனதோ.

ஒருமுறை நடுவில் ஓர் இதழ் வரவில்லை. அத்தை அடுத்த தெரு டீச்சர் வீட்டிலிருந்து அந்த இதழை இரவல் வாங்கி, கோடு போட்ட தாளில் அந்த அத்தியாயம் முழுவதையும் மை பேனாவால் எழுதி, அதன் இடத்தில் வைத்துத் தைக்கச் சொன்னார். படத்தைக்கூட விடவில்லை. இருந்த இடத்தில் ஒரு சதுரம் போட்டு, உள்ளே “குதிரையில் இளவரசன், பின்னால் கோட்டை” என்று எழுதியிருந்தார். நான் அந்த நாவலைப் படித்தது அந்தப் புத்தகத்தில்தான். அச்சுப் புத்தகமாகப் பின்னால் வாங்கிய பிறகும், அந்த அத்தியாயம் வந்தால் அத்தையின் சாய்ந்த எழுத்துதான் கண்முன் வரும்.

எங்கள் குடும்பத்தின் விசேஷம் என்று இதைச் சொல்லவில்லை. தமிழ்நாட்டில் ஆயிரக்கணக்கான வீடுகளில் நடந்ததுதான். ‘பொன்னியின் செல்வன்’ 1950இலிருந்து 1954 வரை கல்கியில் தொடராக வந்தபோது மணியம் வரைந்த படங்களை, பல பேர் பின்னாளில் பார்த்தது இப்படி வீட்டில் பைண்டு செய்த தொகுதிகளில்தான். பின்னால் வந்த பதிப்புகள் பலவற்றில் அந்தப் படங்கள் கிடையாது. வாங்கிய எழுத்தைத் தன் வசதிக்கு வேறு உருவத்துக்கு மாற்றிக்கொள்வதைத் தமிழ் வாசகர் முக்கால் நூற்றாண்டுக்கு முன்பே செய்துவிட்டார். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. எந்தப் பத்திரிகையும் ஆள் அனுப்பி டிரங்குப் பெட்டியைச் சோதிக்கவில்லை. அத்தையின் அந்தத் தொகுதி தெருவில் நாற்பது வீடு சுற்றியிருக்கும். கடைசித் தாளில் யார் எப்போது வாங்கிப் போனார்கள் என்று பென்சிலில் குறித்துவைப்பார். திரும்பி வந்தால் அடித்துவிடுவார். அடிக்காத பெயர்களில் ஒன்று எங்கள் பெரியப்பா.

அவ்வளவு பேர் ஓசியில் படித்ததால் அந்தப் பத்திரிகை நொடித்துவிடவில்லை. ஓசியில் படித்தவர் வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணமானதும் அவள் தன் வீட்டுக்குப் பத்திரிகை வாங்கினாள். தமிழில் வாசகர்கள் இப்படித்தான் உருவானார்கள். இரவலும் கைமாற்றும் இல்லாமல் காசு கொடுத்த கையோடு மட்டும் நின்றுபோகிற புத்தகம் அடுத்த வாசகரை எங்கிருந்து பிடிக்கும்? வாட்ஸப் பிடிஎஃப்புக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று பதிப்பாளர் கேட்டார். அத்தையிடம் இருந்தது ஒரு பிரதி. அது டீச்சர் வீட்டில் இருக்கும்போது அத்தை வீட்டில் இல்லை. இந்த வித்தியாசம் புரிய பெரிய படிப்பு வேண்டியதில்லை.

சட்டத்துக்கும் இது புரிந்திருக்கிறது. நம்முடைய 1957 காப்புரிமைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, ஏற்கெனவே புழக்கத்துக்கு வந்துவிட்ட பிரதிகளை உரிமையாளரின் பிடியிலிருந்து விட்டுவிடுகிறது. நடைபாதைப் பழைய புத்தகக் கடைக்காரர் நிம்மதியாகக் கடை விரிப்பது அதனால்தான். மின்னூல் விஷயத்தில் கடைகள் உங்களுக்குப் பிரதியை விற்பதில்லை, படிக்கும் உரிமத்தைத்தான் தருகின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2019 டிசம்பரில், டாம் கேபினெட் என்ற டச்சு நிறுவனத்தின் வழக்கில், பழைய மின்னூலை மறுவிற்பனை செய்ய உரிமையாளரின் அனுமதி வேண்டும் என்று சொல்லிவிட்டது. கலிபோர்னியாவில் மட்டும், வாங்குபவரிடம் இது வெறும் உரிமம்தான் என்று கடை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்ற சட்டம் 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. சொன்னால் போதும், கொடுக்க வேண்டியதில்லை!

ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல்லின் நாவலை, வாங்கிய வாசகர்களின் கருவிகளிலிருந்தே அமேசான் அழித்த கதையை எல்லோரும் சொல்லிச் சொல்லி அது தேய்ந்துவிட்டது. எனக்கு அதைவிட உறுத்துவது மைக்ரோசாஃப்ட் செய்தது. 2019இல் தன் மின்னூல் கடையை இழுத்து மூடியபோது, வாசகர்கள் வாங்கிய புத்தகங்கள் எல்லாம் அந்த ஜூலையோடு போயின. நியாயமாக முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுத்தார்கள். ஓரத்தில் குறிப்பு எழுதி வைத்திருந்தவர்களுக்குக் கூடுதலாக 25 டாலர். அத்தையின் அந்தக் கோடு போட்ட தாள்களுக்கு என்ன விலை போட்டிருப்பார்கள் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

பூட்டை உடைக்கலாமா என்றால், நான் வக்கீல் இல்லை. நம் காப்புரிமைச் சட்டத்தில் 2012இல் சேர்த்த 65ஏ பிரிவு, காப்புரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைப்பதைத்தான் குற்றம் என்கிறது, இரண்டு ஆண்டுவரை சிறை. சொந்த உபயோகத்துக்கான நியாயமான பயன்பாட்டை 52ஆம் பிரிவு அனுமதிக்கிறது. ஆனால் கடையோடு நீங்கள் படிக்காமலே சம்மதித்த ஒப்பந்தம் தனி. அதை மீறினால் அவர்கள் கணக்கையே முடக்கலாம், அத்தோடு முன்னூறும் போகும். எப்படி உடைப்பது என்று என்னிடம் கேட்காதீர்கள். உடைத்துத் தன் கோபோவில் படிக்கிறவரைத் திருடர் என்று மட்டும் என் வாயால் சொல்ல மாட்டேன்.

இதுவரை வாங்கியவற்றைப் போனிலும் டேப்லெட்டிலும் படியுங்கள், அவை அங்கே இருக்கின்றன. முக்கியமான குறிப்புகளை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கோபோவைத் தம்பியிடம் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். கல்யாணசுந்தரம் சுவிட்சர்லாந்தில் இருந்துகொண்டு தன்னார்வலர்களோடு 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் என்ற இணைய நூலகத்தில் சங்கப் பாடல்களிலிருந்து கல்கி வரை பூட்டு இல்லாமல் கிடைக்கிறது. ஃப்ரீ தமிழ் இபுக்ஸ் தளத்தில் இபப் கோப்பாகவே இறக்கலாம். வேறு வடிவத்தில் இருந்தால், கோவிட் கோயல் 2006இல் எழுதத் தொடங்கிய காலிபர் மென்பொருள் இலவசமாக மாற்றித் தரும். கல்கியின் படைப்புகள் பொதுவுடைமை. அவற்றைப் பூட்டிய பதிப்பில் காசு கொடுத்து வாங்கியிருந்தால் அடுத்த முறை செய்யாதீர்கள். புது எழுத்தாளர்களை வாங்கும் முன் பதிப்பகத்துக்கு ஒரு வரி எழுதி, பூட்டில்லாத இபப் நேரடியாக விற்பீர்களா என்று கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் என் பதிப்பாளர்கூட அசைவார். இந்த வாக்குவாதத்தில் எனக்கு ஆள்பலம் வேண்டும்.

கண் எரிச்சலுக்கு டாக்டரைப் பாருங்கள்.

அன்புடன்.