மேற்கோளை எண்ணும் முன்: நூலக ஆய்வாளர் கேள்விகளுக்குப் பதில்கள்

கே: இயற்பியல் துறை ஆய்வேடுகளை வைத்து எந்த இதழ்களை வாங்கலாம் என்று பரிந்துரைக்க வேண்டும். 15 ஆய்வேடுகளில் 3,000 மேற்கோள் சேர்ந்துவிட்டது. போதுமா?

3,000 பெரிய எண்தான். ஆனால் உங்கள் மாதிரியின் அளவு 15. ஒரே நெறியாளரிடம் ஆய்வு செய்தவர்கள் முந்தையவரின் துணைநூற்பட்டியலை அப்படியே எடுத்துக்கொள்வது ஊரறிந்த வழக்கம். நாலு ஆய்வேடுகளில் ஒரே கட்டுரைக் கூட்டம் வந்தால் அது ஓர் ஆய்வகத்தின் தேவை, துறையின் தேவை அல்ல. ஆண்டுவாரியாகவும் நெறியாளர்வாரியாகவும் பிரித்து, ஒவ்வொரு பிரிவிலிருந்தும் குலுக்கல் முறையில் எடுங்கள். எக்செல்லில் ‘எத்தனை முறை’ என்ற நிரலுக்குப் பக்கத்தில் ‘எத்தனை ஆய்வேடுகளில்’ என்று இன்னொரு நிரல் போடுங்கள். வாங்கும் முடிவுக்கு இரண்டாவதுதான் உதவும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. மாணவர் கைக்குக் கிடைத்ததைத்தான் மேற்கோள் காட்டுவார். நூலகத்தில் இல்லாத இதழ் பட்டியலில் அரிதாகவே தலைகாட்டும். ஆகவே உள்ளூர் ஆய்வேடுகளை மட்டும் எண்ணினால், ஏற்கெனவே வாங்குவதையே வாங்கு என்று விடை வரும். கிராஸ் என்ற பெயர் கொண்ட இரு ஆய்வாளர்கள் 1927-இல் கல்லூரி நூலகத்துக்கான வேதியியல் இதழ்களைத் தேர்ந்தபோது எடுத்துக்கொண்டது அமெரிக்க வேதியியல் சங்க இதழின் 1926-ஆம் ஆண்டுத் தொகுதி. அதில் 3,633 மேற்கோள்கள். அதேபோல் உங்கள் துறையின் முன்னணி இதழ் ஒன்றின் ஓராண்டு மேற்கோள்களையும் எண்ணி, இரு பட்டியலையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே மேலே இருந்து இங்கே காணாமல் போன தலைப்புகளே உங்கள் பரிந்துரைக்குத் தேவையானவை.

கே: தமிழ்த்துறை ஆய்வேடுகளில் மேற்கோள் பகுப்பாய்வு செய்கிறேன். ஸ்கோபஸ் மேற்கோள் தரவுத்தளத்தில் எதுவும் கிடைக்கவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

ஸ்கோபஸை மறந்துவிடுங்கள். தமிழ் நூல்களும் தமிழ் ஆய்விதழ்களும் அங்கே ஏறக்குறைய இல்லை. இந்திய ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான ஷோத்கங்காவில் பல ஆய்வேடுகளின் துணைநூற்பட்டியல் தனிக் கோப்பாகவே கிடைக்கும். பழைய கோப்புகள் பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் இருப்பதால், நகலெடுத்து ஒட்டினால் குப்பையாக வரும். முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள். மாற்றியபின் ஒற்றெழுத்துகளையும் கொம்புகளையும் கண்ணால் சரிபாருங்கள். படமாக வருடிய பக்கங்கள் குறைவாக இருந்தால் கையால் தட்டச்சிடுவதே விரைவு.

அடுத்தது எண்ணும் விதி. அடிக்குறிப்பில் ‘மேலது, ப. 45’ என்று வருவதை எண்ணுவதா? ஒரு நூல் எத்தனை இடங்களில் கையாளப்பட்டது என்பது உங்கள் கேள்வி என்றால் எண்ணுங்கள். எந்தெந்த நூல்கள் தேவைப்பட்டன என்பது கேள்வி என்றால் ஓர் ஆய்வேட்டுக்கு ஒரு நூல் ஒரு முறைதான். பாதி வழியில் விதியை மாற்றினால் முழுவதையும் மறுபடி எண்ண நேரும்.

பெரும்பாலோர் தடுக்கி விழுவது முதன்மை நூல்களில்தான். தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் உரை வேறு, நச்சினார்க்கினியர் உரை வேறு. இரண்டுக்கும் பல பதிப்புகள். எல்லாவற்றையும் ‘தொல்காப்பியம்’ என்று ஒரே வரியில் சேர்த்தால், எந்த உரையை வாங்கி வைப்பது என்று நூலகருக்குத் தெரியாது. நூல், உரையாசிரியர், பதிப்பு ஆண்டு என மூன்று நிரல் வையுங்கள். உ.வே.சா. புறநானூற்றை முதலில் பதிப்பித்தது 1894-இல். ஆய்வாளர் கையில் இருப்பதோ பிந்தைய மறுபதிப்பு. எந்த ஆண்டைப் போட்டாலும் ‘மேற்கோளின் வயது’ என்ற கணக்கு பொய்யாகும். எனவே வயதுக் கணக்கில் முதன்மை நூல்களை ஒதுக்கிவிட்டு, ஆய்வு நூல்களையும் கட்டுரைகளையும் மட்டும் சேருங்கள். ஒதுக்கியதை முறையியலில் எழுதுங்கள்.

கே: அரை ஆயுளை எப்படிக் கணக்கிடுவது?

ஆய்வேட்டின் ஆண்டிலிருந்து மேற்கோள் நூலின் ஆண்டைக் கழித்தால் வயது. வயதுவாரியாக எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போய், மொத்தத்தில் பாதியைத் தொடும் இடமே அரை ஆயுள். எடுத்துக்காட்டாக மொத்தம் 400 மேற்கோள். 7 ஆண்டு வரை 180, அடுத்த ஆண்டுக்கு உரியவை 32 என்று வைத்துக்கொள்வோம். 200-ஐத் தொட இன்னும் 20 வேண்டும். 20-ஐ 32-ஆல் வகுத்தால் 0.6. ஆக 7.6 ஆண்டு. எல்லா ஆய்வேட்டுக்கும் பொதுவாக ஓர் ஆண்டை வைத்துக் கழித்தால் விடை தப்பும். அந்தந்த ஆய்வேட்டின் ஆண்டிலிருந்தே கழிக்க வேண்டும். சராசரி வேண்டாம்: ஒரே ஒரு 1890 நூல் சராசரியை இழுத்துவிடும்.

கே: பிராட்ஃபோர்டு விதிப்படி மூன்று மண்டலம் பிரித்தேன். பெருக்கெண் சமமாக வரவில்லை. தரவு தவறா?

இல்லை. இதழ்களைக் கட்டுரை எண்ணிக்கை வரிசையில் அடுக்கி, ஏறத்தாழச் சம அளவு கட்டுரைகள் கொண்ட மண்டலங்களாகப் பிரித்தால், அடுத்தடுத்த மண்டலத்தின் இதழ் எண்ணிக்கை ஒரே பெருக்கெண்ணால் வளரும் என்பது அவ்விதி. ஆனால் பிராட்ஃபோர்டு 1934-இல் தந்த புவி இயற்பியல் தரவையே பாருங்கள்: 9 இதழ்களில் 429 கட்டுரை, அடுத்த 59-இல் 499, மீதி 258-இல் 404. முதல் பெருக்கெண் ஏறத்தாழ 6.6, இரண்டாவது 4.4. அவருக்கே சமமாக வரவில்லை! சராசரிப் பெருக்கெண்ணை எடுத்து மண்டலங்களை வளைத்துக் காட்டும் ஆய்வேடுகள் நிறைய உண்டு, அதைச் செய்யாதீர்கள். கிடைத்ததைக் கிடைத்தபடி எழுதுங்கள். அதற்குமுன் இதழ்ப் பெயர்களைச் சரிபாருங்கள்: சுருக்கப் பெயரும் முழுப் பெயரும் இரண்டு இதழாகக் கணக்கில் ஏறியிருக்கலாம். அச்சுக்கும் மின்வடிவுக்கும் ஐஎஸ்எஸ்என் (இதழின் பன்னாட்டு அடையாள எண்) வேறு என்பதால் அந்த எண்ணை மட்டும் நம்பினாலும் ஒரே இதழ் இரண்டாகும்.

கே: தரவைச் சீர்செய்யும் ஓப்பன்ரிஃபைன் மென்பொருளில் ‘கிளஸ்டர்’ (ஒத்த பெயர்களைச் சேர்க்கும் வசதி) போட்டும் நம் ஊர்ப் பெயர்கள் சேரவில்லையே?

தலைப்பெழுத்துதான் காரணம். ‘ராஜன், கே.எஸ்.’ என்பதில் புள்ளிகள் நீங்கினால் ‘கேஎஸ்’ ஒரு சொல். ‘ராஜன் கே எஸ்’ என்பதில் அது இரண்டு சொல். ‘ஃபிங்கர்பிரின்ட்’ முறை சொற்களைப் பிரித்து வரிசைப்படுத்தி ஒப்பிடுவதால் இரண்டும் வேறு ஆள்களாகத் தெரியும். முதலில் புள்ளிகளை எடுத்துத் தலைப்பெழுத்துகளுக்கு இடையிலான இடைவெளியை நீக்குங்கள். பிறகு கிளஸ்டர் போடுங்கள். சேர்ந்த பின்னும் கவனம் தேவை: ஒரே தலைப்பெழுத்தில் இரண்டு குமார் இருப்பது நம்மிடம் சாதாரணம். நிறுவனம், துறை, ஆர்க்கிட் எண் (ஆய்வாளருக்குரிய தனி அடையாள எண்) ஆகியவற்றில் ஒன்றாவது பொருந்தினால் மட்டுமே இணையுங்கள்.

கே: பதிப்பாளர் அனுப்பும் பயன்பாட்டு அறிக்கையில் எந்த எண்ணை எடுப்பது?

கவுண்டர் 5 (மின்வளப் பயன்பாட்டை எண்ணப் பதிப்பாளர்கள் பின்பற்றும் பொது நெறி) அறிக்கையில் ‘தனித்த உருப்படிக் கோரிக்கை’யை எடுங்கள். ஒருவர் ஒரே அமர்வில் ஒரு கட்டுரையை ஹெச்டிஎம்எல்லாகத் திறந்து, பிறகு பிடிஎஃப்பாக இறக்கினால், ‘மொத்தக் கோரிக்கை’ 2, ‘தனித்த’து 1. தளத்தின் வடிவமைப்பே மொத்தத்தை ஊதிவிடும். இரு பதிப்பாளரை மொத்தத்தால் ஒப்பிடுவதில் பொருளில்லை. சந்தாத் தொகையைத் தனித்த கோரிக்கையால் வகுத்தால் ஒரு பயன்பாட்டுக்கான செலவு. கவுண்டரின் இதழ்க் கோரிக்கை அறிக்கையான டிஆர் ஜே1-இல் தங்க வகைத் திறந்த அணுக்கக் கட்டுரைகள் (பதிப்பாளரே எல்லோருக்கும் இலவசமாகத் திறந்து வைப்பவை) சேராது. காசு கொடுக்கும் பகுதிக்கு அதுவே சரியான கணக்கு. டிஆர் ஜே2 அறிக்கையை நம்மவர்கள் திறந்தே பார்ப்பதில்லை. உரிமம் இல்லாததால் திருப்பி அனுப்பப்பட்ட கோரிக்கைகள் அதில் உண்டு. இல்லாத இதழுக்கான தேவை தெரிவது அங்கேதான். 2025 சனவரி முதல் மத்திய அரசே இதழ்களுக்குச் சந்தா கட்டும் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தில் வரும் அரசுக் கல்லூரிகள் அந்த இதழ்களுக்குத் தனியாகச் சந்தா கட்டுவதில்லை என்பதால், அவற்றுக்குச் செலவுக் கணக்கு வேண்டாம், எண்ணிக்கை போதும்.

கே: வினாநிரலுக்கு 384 பேர் என்று எழுதினால் ஏற்பார்களா?

மாதிரி அளவைச் சொல்லும் கிரெஜ்சி–மோர்கன் அட்டவணையில் 384 என்பது பத்து லட்சம் பேர் கொண்ட தொகைக்கு. உங்கள் கல்லூரியில் 1,000 பேர் என்றால் 278. குலுக்கல் மாதிரிக்குத்தான் அந்த அட்டவணை. படிப்பறையில் உட்கார்ந்திருப்பவர்களிடமே தாளை நீட்டி, ‘90 சதவீதம் பேர் நூலகம் வருகிறார்கள்’ என்று முடிவு எழுதினால் வாய்மொழித் தேர்வில் மாட்டிக்கொள்வீர்கள்.

கே: ஐந்தாண்டாக யாரும் எடுக்காத புத்தகங்களைக் கழித்துவிடலாமா?

பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக ஆய்வில், 1969-இல் வாங்கிய நூல்களில் ஏறத்தாழ 40 சதவீதம் முதல் ஆறாண்டில் ஒரு முறைகூட வெளியே போகவில்லை. ஆக உங்கள் நிலைமை ஒன்றும் அபூர்வமில்லை. ஆனால் இரவல் பதிவு மட்டும் போதாது. மேசையில் விட்டுப்போன நூல்களை அடுக்கும் முன் ஒரு பருவம் முழுக்கப் பட்டைக்குறி வருடி வையுங்கள். கோஹா நூலக மென்பொருளில் ‘புள்ளியியல்’ வகை உறுப்பினர் கணக்கு ஒன்றைத் திறந்து அதன் பெயரில் வழங்கினால், நூல் இரவலாகப் பதிவாகாமல் உள்பயன்பாடாக ஏறும். தேர்வு மாதத்தில் மட்டும் எடுத்த கணக்கை நம்ப வேண்டாம். அப்போது மேசையில் கிடப்பது பெரும்பாலும் பாடநூல்தான்.