கோரிடோராஸ் கெளுத்தி தொட்டியில் முட்டையிட என்ன செய்யலாம்?

கிளிநொச்சியில் கிணற்றுத் தண்ணீரில் வளர்க்கிறேன், மீன்கள் நலமாக இருந்தும் முட்டையிடவில்லை என்று கேட்டிருந்தீர்கள். எனக்குத் தண்ணீர் மேல்தான் சந்தேகம். வன்னியில் பல கிணறுகளின் நீர் கடினமானது, அதாவது சுண்ணாம்பு போன்ற உப்புகள் கூடியது. கேத்தலில் படியும் வெள்ளைப் படிவைப் பார்த்தாலே தெரியும். கோரிடோராஸோ மென்னீர் ஓடும் தென்னமெரிக்க ஆற்று மீன். மழை வந்து நீர் குளிர்ந்தால்தான் அதற்கு முட்டையிடும் காலம்.

ஆகவே மாரி மழையைப் பயன்படுத்துங்கள். முதல் மழையில் கூரை கழுவுப்படட்டும். அப்புறம் பிடித்த நீரால் தொட்டியில் மூன்றிலொரு பங்கை மாற்றுங்கள். அந்த நீர் தொட்டி நீரைவிட 3, 4 பாகை செல்சியஸ் குளிராக இருந்தால் நல்லது. அதற்கு முன் சில நாட்கள் புழு உணவு கொடுங்கள். குறைந்தது 6 மீன், அதில் ஆண்கள் கூடுதலாக, அடியில் மென்மணல்.

பெண் மீன் முட்டைகளை வயிற்றுத் துடுப்புகளுக்கிடையில் கொண்டுபோய்க் கண்ணாடியில் ஒட்டும். பெரிய மீன்கள் அவற்றைத் தின்றுவிடும் என்பதால், விரலால் மெதுவாக உருட்டி எடுத்து உடனே வேறு தொட்டிக்கு மாற்றுங்கள். வெள்ளையாகிப் பூஞ்சை பிடித்தவற்றை அகற்றிவிடுங்கள், மற்றவற்றுக்கும் பரவும். 3 முதல் 5 நாளில் பொரிக்கும். குஞ்சுகளின் வயிற்றிலுள்ள மஞ்சள்கருப் பை தீர்ந்ததும் ஆட்டீமியா (உப்புநீரில் வாழும் மிகச் சிறிய இறால் போன்ற உயிர்) குஞ்சுகளை உணவாகக் கொடுக்கலாம்.

குளத்துச் சுங்கானை (நம் குளங்களில் வாழும் ஒரு கெளுத்தி வகை) மட்டும் கோரிடோராஸ் மீன்களோடு விடவே வேண்டாம். அதன் முள்ளில் நஞ்சு உண்டு, சின்ன மீன்களையும் விழுங்கிவிடும்.