இடைக்கால வியட்நாமில் அரசவை அதிகாரிகளை எவ்வாறு தேர்ந்தெடுத்தார்கள்?

சுருக்கமாகச் சொன்னால், சீன அறிஞர் கன்பூசியஸின் நெறியைச் சொல்லும் நூல்களில் உள்ள புலமையைச் சோதிக்கும் எழுத்துத் தேர்வின் மூலம். லீ மரபினரின் ஆட்சியில், 1075ஆம் ஆண்டில் இத்தகைய முதல் தேர்வு நடந்தது. அதில் முதலிடம் பெற்ற லே வான் தின் பின்னாளில் அரசவையின் மிக உயர்ந்த பதவிக்கே வந்தார்.

காரணம் எளிது. உறவினரையும் படைத்தலைவர்களையும் மட்டும் நம்பினால் அவர்களின் கை ஓங்கிவிடும். தேர்வெழுதி வந்தவரோ தம் பதவிக்கு அரசரையே சார்ந்திருப்பார். ஆயினும், அடுத்து வந்த திரான் மரபினர் உயர்பதவிகளைப் பெரும்பாலும் தம் குடும்பத்துக்குள்ளேயே வைத்துக்கொண்டனர்.

15ஆம் நூற்றாண்டில் லே தான் தோங் என்னும் அரசரின் காலத்தில்தான் இம்முறை உச்சம் தொட்டது. மூன்றாண்டுகளுக்கு ஒருமுறை, மாவை மேலும் மேலும் நுண்ணிய சல்லடைகளில் சலிப்பதுபோல, மாகாணத் தேர்வு, தலைநகரத் தேர்வு, அரண்மனைத் தேர்வு என வடிகட்டினார்கள். கடைசித் தேர்வின் வினா அரசரின் பெயராலேயே விடுக்கப்பட்டது. வென்றோரின் பெயர்களை 1484 முதல் கல்லில் பொறித்தார்கள். ஹனோய் இலக்கியக் கோவிலில், கல் ஆமைகளின் முதுகில் நிற்கும் அத்தகைய 82 பலகைகளை இன்றும் காணலாம்.

யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்றிருந்ததாகப் பலர் எண்ணுகிறார்கள். ஆனால் பெண்களுக்கு அனுமதியே இல்லை; பாடகர், கூத்தர் குடும்பத்துப் பிள்ளைகளும் விலக்கப்பட்டிருந்தனர்.