வீடியோ கேம் விளையாடியே கிட்டார் கற்றுக்கொள்ள முடியுமா?

ஆசிரியர் யாரும் இல்லாமல், ராக்ஸ்மித் போன்ற வீடியோ கேமை மட்டும் நம்பிக் கிட்டார் கற்றுக்கொள்ள முடியுமா, அதற்காகப் பணம் செலவழிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பாதி தூரம் வரை முடியும் என்பதே என் பதில். இடது கைக்கு அது நல்ல வாத்தியார். வலது கைக்கும் காதுக்கும் வேறு ஆள் வேண்டும்.

என் ஊர் பாம்பன். எங்கள் வீட்டில் விசைப்படகு உண்டு. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் என்பதால், படகைக் கரையேற்றி மராமத்துப் பார்ப்போம். காலை வேலை முடிந்துவிட்டால் பிற்பகல் முழுவதும் சும்மாதான் கிடக்க வேண்டும். 2013இல் வெளிவந்த ராக்ஸ்மித் 2014 என்ற பதிப்பை, நாளுக்கு ஒரு மணி நேரம் வீதம் 60 நாள் வாசித்தால் போதும் என்று சொல்லி யூபிசாஃப்ட் நிறுவனம் விளம்பரப்படுத்தியிருந்தது. நமக்குத்தான் அரசாங்கமே 61 நாள் கொடுத்திருக்கிறதே என்று, 2019 தடைக்காலத்தில் பழைய எலக்ட்ரிக் கிட்டார் ஒன்றை வாங்கி உட்கார்ந்துவிட்டேன்.

2005இல் வந்த கிட்டார் ஹீரோவோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அதில் கையில் இருப்பது ஐந்து பொத்தான்கள் வைத்த பிளாஸ்டிக் பொம்மை. எத்தனை ஆண்டு விளையாடினாலும் கிட்டார் வராது. ராக்ஸ்மித்தில் உண்மையான கிட்டாரையே ஒரு கேபிள் வழியாகக் கணினியின் யுஎஸ்பியில் செருகுகிறோம். நாம் வாசிக்கும் சுரத்தைக் கேட்டு, அது சரியா தவறா என்று நிரல் கண்டுபிடிக்கிறது. ஒவ்வொரு தந்திக்கும் ஒரு நிறம்: தடித்த தந்தி சிவப்பு, அடுத்தது மஞ்சள், பிறகு நீலம், ஆரஞ்சு, பச்சை, கடைசி மெல்லிய தந்திக்கு ஊதா. பாட்டு ஓடும்போது அந்த நிறத்தில் கட்டங்கள் நம்மை நோக்கி வரும். எந்த பிரெட்டில் (கிட்டார் கழுத்தின் குறுக்கே உள்ள உலோகக் கம்பிகளால் பிரிந்த இடங்களில் ஒன்று) விரல் வைக்க வேண்டும் என்பதும் தெரியும். முதல் நாள் ஒரு பாட்டுக்குச் சில சுரங்களே வரும். அவற்றைத் தவறாமல் வாசித்தால் கூடுதல் சுரங்கள் சேரும், தடுமாறினால் குறைந்துவிடும். கடினமான இடத்தை மட்டும் வெட்டியெடுத்து, வேகத்தைக் குறைத்து, திரும்பத் திரும்ப வாசிக்கும் வசதியும் இருக்கிறது. இந்த விளையாட்டில் காசுக்கு மதிப்புள்ள பகுதி அதுதான் என்பேன். வாத்துகளைச் சுடும் சிறு விளையாட்டு ஒன்றில், வாத்து நிற்கும் பிரெட்டை வாசித்தால் அது விழும். சிரிப்பாக இருந்தாலும், கிட்டாரின் கழுத்தைக் குனிந்து பார்க்காமலே பிரெட்டைத் தேடிப் பிடிக்கும் பழக்கம் எனக்கு அதில்தான் வந்தது.

முதல் வாரம் என்னைப் படுத்தியெடுத்தது ஒலித் தாமதம். எச்டிஎம்ஐ கேபிளில் டிவியோடு இணைத்திருந்ததால், நான் தந்தியை மீட்டிய பிறகுதான் ஒலி வந்தது. தூரத்தில் கரையேற்றிய படகில் ஒருவர் கலப்பத்து அடிப்பதை (பலகை இடுக்குகளைச் சுத்தியலால் அடித்து அடைப்பதை) பார்த்தால், சுத்தியல் மேலே போன பிறகு சத்தம் வந்து சேருமே, அப்படி. ஒலியை மட்டும் கணினியின் ஹெட்போன் துளையிலிருந்து நேரே எடுத்த பிறகு சரியாகிவிட்டது. வலை இழுத்துக் காய்த்த கைதானே, விரல் நோகாது என்று நினைத்ததும் தப்புக் கணக்கு. கயிறு உள்ளங்கையைக் காய்க்க வைத்திருந்தது. தந்தி அழுத்துவதோ விரல் நுனியை. மூன்று வாரம் எரிச்சல்தான். எங்கள் உப்புக் காற்றில் தந்தியும் சீக்கிரம் துருப்பிடிக்கும். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் துடைத்துப் பையில் வைத்து மூடாவிட்டால், அடுத்த மாதமே புதுத் தந்தி வாங்க வேண்டும்.

ஐம்பதாவது நாளுக்குப் பக்கத்தில், இரண்டு பாட்டுகளைத் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் வாசிக்கும் நிலைக்கு வந்திருந்தேன். அந்தத் துணிச்சலில் எங்கள் கோவில் (சர்ச்) பாடகர் குழுவில் போய் உட்கார்ந்தேன். அங்கே கிட்டார் வாசிக்கும் அண்ணன் மின்சாரம் இல்லாமலே ஒலிக்கும் தன் அக்கௌஸ்டிக் கிட்டாரைக் கையில் கொடுத்து, "ஜி, சி, டி மூணுதான் தம்பி, பாட்டோடயே வா" என்றார். அவர் சொன்ன மூன்று கார்டுகளையும் (பல சுரங்களைச் சேர்த்து ஒலிக்க வைக்கும் விரல் பிடிகளை) பிடிக்கத் தெரிந்திருந்தும், இரண்டாம் அடியிலேயே தொலைந்துபோனேன். விளையாட்டில் பாட்டு யாருக்காகவும் நிற்பதில்லை; கோவிலில் பாட்டிமார்கள் கடைசிச் சொல்லை இழுத்துப் பாடி, மூச்சு வாங்கி, பிறகுதான் அடுத்த அடிக்கு வருகிறார்கள். நான் அதுவரை கேட்டு வாசிக்கவே இல்லை, வருகிற நிறத்தைப் பார்த்து வாசித்திருக்கிறேன் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. அண்ணன் என் மணிக்கட்டைப் பார்த்துவிட்டு, "ஏன் தம்பி கையை இவ்வளவு மடக்குற, நரம்பு பிடிச்சுக்கும்" என்றார். ஐம்பது நாளாக அந்த விளையாட்டு அதைச் சொல்லவில்லை; சொல்லவும் முடியாது, அதற்குக் காது உண்டே தவிரக் கண் கிடையாது. கீழ்நோக்கி மீட்ட வேண்டிய இடத்தில் மேல்நோக்கி மீட்டினாலும், சுரம் சரியாக இருந்தால் அது மதிப்பெண் போட்டுவிடும்.

இதற்கு ஓரளவு மருந்து அந்த விளையாட்டுக்குள்ளேயே இருக்கிறது. ஒரு பகுதியை நன்றாக வாசிக்க ஆரம்பித்ததும் திரையில் சுரங்கள் மெல்ல மறையத் தொடங்கி, நினைவிலிருந்து வாசிக்கச் சொல்லும் முறை ஒன்று உண்டு. பலரும் எரிச்சலில் அதை அணைத்துவிடுவார்கள். நானும் அணைத்துத்தான் வைத்திருந்தேன். நீங்கள் அணைக்காதீர்கள். வாரத்துக்கு ஒரு நாளாவது, பாடத் தெரிந்த ஒருவரை எதிரில் உட்கார வைத்து, திரை இல்லாமல் அவருக்கு வாசியுங்கள்.

அதிலுள்ள பாட்டுகளில் பெரும்பாலானவை மேற்கத்திய ராக் என்பதையும் கவனத்தில் வையுங்கள். தமிழ்ப் பாட்டு வாசிப்பதுதான் உங்கள் ஆசை என்றால், விரல் பழகிய பிறகு காதால் தேடித்தான் ஆக வேண்டும். உங்களிடம் ஏற்கெனவே பிக்அப் (தந்தியின் அதிர்வை மின் சமிக்ஞையாக மாற்றும் கருவி) இல்லாத அக்கௌஸ்டிக் கிட்டார் இருந்தால் அந்தக் கேபிளை அதில் செருக முடியாது. இதற்காகவே இன்னொரு எலக்ட்ரிக் கிட்டார் வாங்குவதைவிட, அந்தப் பணத்தில் பக்கத்திலிருக்கும் யாரிடமாவது மூன்று மாதம் போய் வாருங்கள்.