அடைமழைக்கு முன் அடுக்ககத்தில் செய்ய வேண்டியவை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: 18 வருடப் பழைய அடுக்ககம் எங்களுடையது, மொத்தம் 12 வீடுகள். ஒவ்வொரு ஐப்பசியிலும் மேல் வீட்டுப் படுக்கையறைக் கூரையில் பெயிண்ட் உப்பி உதிர்கிறது. மொட்டை மாடி முழுக்க வாட்டர்புரூஃப் பெயிண்ட் அடித்தால் போதும் என்கிறார் கொத்தனார். செலவை மேல் வீட்டுக்காரரே ஏற்க வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள். எது சரி?
- வாசகி, மேற்கு மாம்பலம்

பதில்: பெயிண்டை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். தண்ணீர் எந்த வழியாக இறங்குகிறது என்று முதலில் தெரிய வேண்டும். சித்திரை வெயிலிலும் அந்த இடம் ஈரமாக இருந்தால் அது மழைக் கசிவு அல்ல. மேலே ஓடும் தண்ணீர்க் குழாயிலோ டேங்க் இணைப்பிலோதான் கோளாறு. மழையில் மட்டும் நனைகிறதென்றால் மாடியைச் சோதியுங்கள்.

மழையில்லாத இரண்டு நாளைத் தேர்ந்தெடுத்து, மாடியில் சந்தேகப்படும் பகுதியின் வடிகால் வாயைத் துணியில் கட்டிய மணல் பொட்டலத்தால் அடைத்து, 2 அங்குலம் தண்ணீர் கட்டுங்கள். பக்கத்திலேயே ஒரு வாளித் தண்ணீரையும் வையுங்கள். இரண்டிலும் மட்டத்தைக் கோடு போட்டுக்கொண்டு 48 மணி நேரம் கழித்துப் பாருங்கள். வாளியில் குறைந்திருப்பது வெயில் குடித்த அளவு. மாடியில் அதைவிடக் கூடுதலாகக் குறைந்திருந்தால் மிச்சம் கீழே இறங்கியிருக்கிறது. பகுதி பகுதியாகச் செய்தால் ஓட்டை இருக்கும் இடம் பிடிபடும்.

பெரும்பாலும் மூன்று இடங்களில்தான் ஒழுகும்: தளமும் கைப்பிடிச் சுவரும் சேரும் மூலை, வடிகால் குழாயைச் சுற்றியுள்ள இடுக்கு, டிஷ் ஆன்டெனாவுக்கும் சோலார் ஹீட்டருக்கும் துளை போட்ட இடம். அடுத்தது தட்டோட்டு இணைப்புகள். ஒவ்வொரு ஓடாகத் தட்டிப் பாருங்கள். ‘டொக்’ என்று வெற்றாக ஒலித்தால் அடியில் பிடிப்பு விட்டுப்போயிருக்கிறது, பெயர்த்துப் புதிதாகப் பதிக்க வேண்டும். கெட்டியாக இருக்கும் ஓடுகளுக்கிடையே பழைய பூச்சைச் சுமார் 10 மில்லிமீட்டர் ஆழத்துக்குச் சுரண்டி, கம்பி பிரஷ்ஷால் தூசி எடுத்து, வாட்டர்புரூஃப் கலவை சேர்த்த சிமென்ட்டை அழுத்தி நிரப்பினால் போதும். 10 அடிக்கு ஏறக்குறைய ஒன்றேகால் அங்குலம் வடிகாலை நோக்கிச் சாய்வு இருக்கிறதா என்றும் பாருங்கள். அது இல்லாமல் தண்ணீர் தேங்கினால் எந்தப் பூச்சும் நிற்காது.

பெயிண்ட் இவ்வளவுக்கும் பிறகுதான். அதுவும் தளம் மூன்று நாளாவது நன்றாகக் காய்ந்த பிறகு. ஈரத்தின் மேல் அடித்தால் உள்ளே சிக்கிய ஈரம் வெயிலில் ஆவியாகி, பூச்சைக் கொப்புளமாகத் தூக்கிவிடும்.

செலவைப் பொறுத்தவரை, 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம் மொட்டை மாடியைப் பொதுப் பகுதிகளில் ஒன்றாகவே சொல்கிறது. ஆகவே 12 வீட்டாரும் பகிர்ந்துகொள்வதே நியாயம். கூரை நனைவது மேல் வீட்டில் என்றாலும், கூரைக்குள் இருக்கும் கம்பி துருப்பிடித்தால் பலம் இழப்பது மொத்தக் கட்டடமும்தான்.

கேள்வி: எங்கள் சம்ப் 20,000 லிட்டர். போன மழையில் தெருத் தண்ணீர் உள்ளே போய்விட்டது. எவ்வளவு பிளீச்சிங் பவுடர் போட வேண்டும்? பெருமழை எச்சரிக்கை வந்ததும் சம்பைக் காலி செய்துவிடலாமா?
- வாசகர், வேளச்சேரி

பதில்: காலி செய்யவே செய்யாதீர்கள். மழையில் நிலத்தடி நீர் மட்டம் ஏறும்போது வெற்றுச் சம்பைக் கீழிருந்து படகைப் போலத் தூக்கப் பார்க்கும். அடித்தளம் விரிசல் விடும், அந்த வழியாகவே கழிவு நீரும் நுழையும். நிரம்பிய சம்ப் தன் கனத்தால் நிற்கும். கழுவுகிற வேலையைப் புரட்டாசிக்குள் முடித்துக்கொள்ளுங்கள். மூடியின் விளிம்பையும் தரையிலிருந்து குறைந்தது ஓர் அடி உயர்த்திக் கட்டுங்கள்.

வெள்ளம் உள்ளே வந்துவிட்டால் முதல் காரியம் மோட்டாரை நிறுத்துவது. ஒரு முறை ஓடிவிட்டாலும் அழுக்கு ஓவர்ஹெட் டேங்க்குக்கும் எல்லா வீட்டுக் குழாய்களுக்கும் போய்விடும். சுற்றியுள்ள தண்ணீர் வடிந்த பிறகு சம்பை இறைத்து, கசடு வாரி, சுவரைத் தேய்த்துக் கழுவி, நல்ல தண்ணீர் நிரப்புங்கள். 1,000 லிட்டருக்கு 150 கிராம் கணக்கில் உங்களுக்கு 3 கிலோ பிளீச்சிங் பவுடர் வேண்டும். அப்படியே கொட்டாமல் வாளித் தண்ணீரில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்ததும் தெளிவை மட்டும் ஊற்றுங்கள். 12 மணி நேரம் விட்டு, அந்தத் தண்ணீரை முழுவதும் வெளியேற்றிவிட்டுப் புதிதாக நிரப்ப வேண்டும். வழக்கமான நாட்களில் 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் போதும். உங்கள் சம்புக்கு 50 கிராம், போட்ட அரை மணி நேரத்துக்குப் பிறகு பயன்படுத்தலாம். பிரித்து வைத்த பாக்கெட் ஈரக் காற்றில் வீரியம் இழந்துவிடும். புதிதாக வாங்குங்கள்.

இதை மறக்கவே கூடாது: மூடியே கிடந்த சம்பில் ஆளை உடனே இறக்காதீர்கள். மூடியைத் திறந்து பல மணி நேரம் விட்டு, ஃபேன் வைத்துக் காற்றடியுங்கள். டீசல், பெட்ரோல் பம்பை உள்ளே இறக்கினால் அதன் புகையே ஆளைக் கொல்லும். இறங்குபவர் இடுப்பில் கயிறும் மேலே இரண்டு பேரும் இருக்க வேண்டும். அவர் மயங்கினால் கயிற்றால்தான் தூக்க வேண்டும். காப்பாற்றப் பின்னாலேயே குதிப்பவரும் இறந்துபோகிறார். கழிவுநீர்த் தொட்டியில் எந்தக் காரணத்துக்கும் ஆளை இறக்க வேண்டாம், லாரியை மட்டும் அழையுங்கள்.

கேள்வி: கார் நிறுத்தும் தளத்தில் தண்ணீர் ஏறினால் லிஃப்டை என்ன செய்வது?
- வாசகர், மடிப்பாக்கம்

பதில்: தண்ணீர் வாசலைத் தொடும்போதே லிஃப்டை இரண்டாம் மாடிக்கு அனுப்பி, அங்கேயே நிறுத்தி, லிஃப்டின் மெயின் ஸ்விட்சை அணைத்துவிடுங்கள். லிஃப்டுக்கு அடியிலுள்ள குழியில் தண்ணீர் நிற்கையில் இயக்கினால் பெட்டி அதில் போய் இறங்கும், மின் பாகங்கள் வீணாகும். வடிந்த பிறகும் மெக்கானிக் பார்க்காமல் பொத்தானைத் தொடாதீர்கள். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் தண்ணீர் நின்ற மட்டத்தைத் தூணில் பெயிண்டால் குறித்து வையுங்கள். மீட்டர் பெட்டி அந்தக் கோட்டுக்குக் கீழே இருந்தால் மின்வாரியத்தில் மனு கொடுத்து மேலே ஏற்றுங்கள். எந்த ஸ்விட்ச் எதற்கு என்று இரவு வாட்ச்மேனுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

கேள்வி: மழைநீர் சேகரிப்புக் குழியில் ஒரு வாரம் ஆனாலும் தண்ணீர் இறங்குவதில்லை. குழி இருந்தும் பயனில்லையே?
- வாசகி, அண்ணா நகர்

பதில்: தமிழ்நாட்டில் 2003-இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது தோண்டிய குழிகளில் பல, அதன் பிறகு திறக்கப்படவே இல்லை. மாடித் தூசியும் இலையும் மணலின் மேல் பசைபோலப் படிந்து வழியை அடைத்திருக்கும். மேல் மணலை அள்ளி எறிந்து புதிது போடுங்கள், அடியிலுள்ள ஜல்லியையும் கூழாங்கல்லையும் வெளியே எடுத்துக் கழுவிப் போடுங்கள். அதன் பிறகும் இறங்காவிட்டால் மண்தான் காரணம். பெசன்ட் நகர் மணலில் ஆழமில்லாத குழியே உறிஞ்சிக்கொள்ளும். களிமண் பகுதியில், களிமண்ணைத் தாண்டி மணல் அடுக்கு வரை துளையிட்ட கிணறு தேவை.

அந்தச் செலவு வீண் என்று நினைக்காதீர்கள். 2,400 சதுர அடி மாடியில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் சுமார் 11,000 லிட்டர், ஒரு டேங்கர் லாரித் தண்ணீர். முதல் மழையில் மாடி அழுக்கு முழுவதும் கழுவி வரும், அதை மட்டும் வெளியே விட்டுவிடுங்கள். குழிக்கு இடுக்கில்லாத மூடியும் போடுங்கள். டெங்கு கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஒரு வாரமே போதும்.

கேள்வி: பால்கனி வாஷிங் மெஷின் தண்ணீரை மழைநீர்க் குழாயில் விடலாமா?
- வாசகர், பெரம்பூர்

பதில்: கூடாது. துணி நூலும் சோப்பும் மழைநீர் சேகரிப்புக் குழியை அடைக்கும், சோப்பு நீர் உங்கள் கிணற்றுக்கே திரும்பி வரும். கழிவுநீர்க் குழாயோடு இணையுங்கள்.