கோடிங் கேள்வி பதில்

கேள்வி: பி.காம் முடிச்சிட்டு ஆடிட்டர் ஆபீஸ்ல வேலை பாக்குறேன். ராத்திரி யூடியூப்ல பைத்தான் வீடியோ பாப்பேன், பாக்கும்போது எல்லாம் புரியுது, ஆனா தனியா எழுதலாம்னு லேப்டாப்பைத் தொறந்தா ஒரு வரி கூட வரமாட்டேங்குது. வேற கோர்ஸ் மாறிடவா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: கோர்ஸ் மாறாதீங்க தம்பி, அதுதான் நிறைய பேர் பண்றது, மாறி மாறி எல்லா கோர்ஸ்லயும் முதல் நாலு பாடம் மட்டும் மனப்பாடமா இருக்கும். வீடியோல எந்த வரி முதல்ல வரணும், எங்க லூப் (ஒரே வேலையைத் திரும்பத் திரும்ப செய்ய வைக்கறது) போடணும், எங்க இஃப் (நிபந்தனை பாக்கறது) போடணும்னு எல்லா முடிவையும் சொல்லித்தர்றவரே எடுத்துடறாரு, நமக்கு மிச்சம் தலையாட்டுற வேலைதான். அதனால பத்து நிமிஷம் பாருங்க, வீடியோவை மூடுங்க, அதே புரோகிராமை காலி ஃபைல்ல பாக்காம எழுதுங்க. கண்டிப்பா மாட்டும். மாட்டுற இடத்தை மட்டும் திரும்பப் போய் பாருங்க.

அப்புறம் உங்க ஆபீஸ் வேலையையே எடுத்துக்கோங்க. ரெண்டு பில் தொகையைக் கேட்டு, கூட்டி, 18 சதவீதம் ஜிஎஸ்டி போட்டுக் காட்டற புரோகிராம் எழுதணும், அவ்வளவுதான். 500, 300னு குடுப்பீங்க, கூட்டினா 800 வராது, 500300னு வரும்! ஏன்னா நீங்க டைப் பண்றதை வாங்கற இன்புட்ங்கற கட்டளை எதை வாங்கினாலும் எழுத்தாத்தான் குடுக்கும், ரெண்டு எழுத்துக்கு நடுவுல பிளஸ் போட்டா ஒட்டிடும். ஃப்ளோட்ங்கற கட்டளைக்குள்ள போட்டு எண்ணா மாத்தணும். இதை வீடியோல கேட்டா மறந்துடும், நீங்களே மாட்டி அரை மணி நேரம் மண்டையைப் பிச்சுக்கிட்டா மறக்காது.

அதுக்கப்புறம் பைத்தான்ல 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டிப் பாருங்க, 0.30000000000000004னு வரும், கணக்கு எழுதுற ஆளுக்கு வயித்தைக் கலக்கும். கம்ப்யூட்டர் எண்களை பைனரில, அதாவது 0, 1 மட்டும் வச்சு எழுதிக்கறதால 0.1-ஐ அச்சு அசலா வச்சுக்க முடியாது, அதான் காரணம். காசு கணக்குக்குன்னே டெசிமல்னு ஒரு மாட்யூல் (தயாரா எழுதி வச்ச கோடு) பைத்தானோடவே வருது, அதைத் தேடிப் படிங்க. அப்படியே எக்செல் ஷீட்டை சிஎஸ்வியா (கமா போட்டுப் பிரிச்ச சாதா டெக்ஸ்ட் ஃபைல்) சேவ் பண்ணி, மாசத்து பில் மொத்தத்தையும் படிக்க வைக்கிற வரைக்கும் இதே புரோகிராமை வளத்துட்டே போகலாம்.

கேள்வி: ஹார்வர்ட் சிஎஸ்50 நல்லதா, நம்ம என்பிடெல் நல்லதா? ரெண்டும் ஃப்ரீதானே?
– கல்லூரி மாணவி, கரூர்

பதில்: சிஎஸ்50ங்கறது ஹார்வர்ட் யுனிவர்சிட்டியோட ஆன்லைன் கம்ப்யூட்டர் கோர்ஸ், என்பிடெல்ங்கறது ஐஐடிகள் சேர்ந்து நடத்தற ஆன்லைன் பாடத் தளம். பாடம் கேக்க ரெண்டும் ஃப்ரீதான். சிஎஸ்50ல ஸ்க்ராட்ச்ல (கட்டங்களை இழுத்து ஒட்டி புரோகிராம் பண்றது) ஆரம்பிச்சு சி மொழிக்குப் போய் அப்புறம்தான் பைத்தான் வரும், மெமரி உள்ள என்ன நடக்குதுன்னு தெரியும், ஹோம்வொர்க் செமயா இருக்கும், ஆனா நேரம் தின்னும். என்பிடெல்ல சென்னை மேத்தமேட்டிகல் இன்ஸ்டிட்யூட் மாதவன் முகுந்த் எடுக்கற பைத்தான் கோர்ஸ் நேரா அல்காரிதம் (ஒரு கணக்கைத் தீர்க்கற படிப்படியான வழி) பக்கம் போகும், கணக்கு புடிச்சவங்களுக்கு சுகம். என்னைக் கேட்டா, காலேஜ்ல ஏற்கனவே சி இருந்தா என்பிடெல், இல்லன்னா சிஎஸ்50. எதுவா இருந்தாலும் ஹோம்வொர்க்கைத் தாண்டிப் போகாதீங்கம்மா, கோர்ஸே அதுதான்.

கேள்வி: ஏஐ கிட்ட கேட்டா முழு கோடும் குடுக்குதே, கத்துக்கவே வேணுமா?
– வாசகர், ஈரோடு

பதில்: அது குடுத்தது தப்புன்னு கண்டுபிடிக்க யாரு வருவா? ஏஐ வேணாம்னு சொல்லல, கேக்கற விதம்தான் முக்கியம். "கோடு குடுக்காத, எங்க தப்புன்னு மட்டும் ஒரு குறிப்பு குடு"ன்னு கேளுங்க. அதுக்கும் முன்னாடி எரர் மெசேஜோட கடைசி வரியை நீங்களே படிங்க, பைத்தான்ல என்ன தப்புங்கறது அங்கதான் இருக்கும், எந்த வரின்னு அதுக்கு மேல இருக்கும். 3.10 வெர்ஷன்ல இருந்து மெசேஜ் எல்லாம் நல்லாவே புரியற மாதிரி வருது, பழசை வச்சிருந்தா மாத்திடுங்க.

கேள்வி: லேப்டாப் இல்ல, போன் மட்டும்தான். முடியுமா?
– இல்லத்தரசி, தேனி

பதில்: தொடங்கலாம்மா. கூகுள் கோலாப்னு ஆன்லைன்லயே கோடு எழுதி ஓட்டிப் பாக்கற இடம் இருக்கு, அது போன் பிரவுசர்லயே ஓடும், பைத்தானுக்குத் தனியா எதுவும் இன்ஸ்டால் பண்ண வேணாம். இஃப், லூப், ஃபங்ஷன் (பேர் வச்சு திரும்பக் கூப்பிடற கோடு) வரைக்கும் தாராளமா போகும், அதுக்கு மேல டைப் அடிச்சே கை வலிக்கும். பழைய ப்ளூடூத் கீபோர்டு யார்கிட்டயாவது கிடைச்சா வாங்கி வச்சுக்கோங்க.