மழை, பஜ்ஜி, மன்னிப்பு

ஐயா, வணக்கம்.

காங்கேயம் பக்கம் ஒரு மரச்செக்கு எண்ணெய் நிறுவனத்தின் இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் பக்கங்களை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். ஒரு மாதத்துக்கான பதிவுகளை முதல் வாரத்திலேயே ஷெட்யூல் செய்துவிடுவேன். போன மழைக்காலத்தில் "மழை வந்தாச்சு, சூடா பஜ்ஜி போடலாமா?" என்ற பதிவு, சென்னையில் பல தெருக்களில் தண்ணீர் நின்ற ஒரு மாலையில் தானாக வெளியாகிவிட்டது. ஒரு அம்மா, "எங்க வீட்ல அடுப்பே தண்ணிக்குள்ள இருக்கு" என்று கமெண்ட் போட்டார். முதலாளி பதறிப்போய்ப் பதிவை நீக்கச் சொன்னார், அந்த அம்மாவையும் பிளாக் பண்ணச் சொன்னார். செய்தேன். ஸ்கிரீன்ஷாட் இன்னும் சுற்றுகிறது. இனி வேடிக்கையாக எதுவுமே எழுதக் கூடாதா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

தாராளமாக எழுதுங்கள். அந்த வரியில் ஒரு குறையும் இல்லை. மழை தூறினாலே நம் வீடுகளில் யாராவது ஒருவர் சொல்லிவிடுகிற வரிதான் அது. ஆனால் நீங்கள் அதை எழுதியது ஏதோ ஒரு வெயில் நாளில். அவர்கள் படித்தது முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு.

பெரிய நிறுவனங்களும் இதில் சறுக்கியிருக்கின்றன. 2013 ஜனவரியில், பிரிட்டனில் டெஸ்கோ என்ற சூப்பர்மார்க்கெட் நிறுவனம் விற்ற மாட்டிறைச்சி பர்கரில் குதிரை இறைச்சி கலந்திருந்தது தெரியவந்தது. சோதித்த ஒரு பர்கரில் 29 சதவீதம். ஊரே கொதித்துக்கொண்டிருந்த நேரத்தில் டெஸ்கோவின் ட்விட்டர் கணக்கு, தூங்கப் போகிறோம், காலை 8 மணிக்குப் பார்ப்போம் என்றது. தூங்கப் போவதைக் காய்ந்த புல்லில் சாய்வதாகச் சொல்கிற வழக்கு ஆங்கிலத்தில் உண்டு. அதைத்தான் எழுதியிருந்தார்கள். குதிரைக்குத் தீனியும் அதே புல்தானே! நக்கல் செய்கிறார்கள் என்று ஜனங்கள் கொந்தளித்தார்கள். விஷயம் வெளிவரும் முன்பே ஷெட்யூல் செய்த ட்வீட் அது என்று சொல்லி டெஸ்கோ மன்னிப்புக் கேட்டது.

அதற்காக ஷெட்யூல் செய்வதை விட்டுவிடச் சொல்லவில்லை. ஒரே ஆள் தினமும் புதிதாக எழுதிக்கொண்டிருக்க முடியாது. நிறுத்துகிற உரிமை மட்டும் உங்கள் கையில், உங்கள் போனிலேயே இருக்க வேண்டும். ரெட் அலர்ட் என்றால் யாரையும் கேட்காமல் மொத்த வரிசையையும் நிறுத்திவையுங்கள். இதை முதலாளியிடம் இப்போதே பேசி வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம், தினமும் காலையில் அன்றைக்குப் போகவேண்டிய பதிவை ஒருமுறை திறந்து பாருங்கள். காங்கேயத்து வானத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள், உங்கள் எண்ணெயை வாங்குகிறவர்கள் இருக்கும் ஊர்களைப் பாருங்கள்.

உங்கள் கடிதத்தில் எனக்கு உண்மையிலேயே வலித்தது அந்த பிளாக்தான். 2014 செப்டம்பரில் அமெரிக்காவில், வீட்டில் அடி வாங்கி வாழ்ந்த பெண்கள், தாங்கள் ஏன் விலகாமல் இருந்தோம் என்று ஒரு ஹேஷ்டேகில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். டிஜியோர்னோ என்ற பீட்சா நிறுவனம், அது எதைப் பற்றியது என்றே பார்க்காமல், பீட்சா இருந்ததால்தான் என்கிற மாதிரி அதே ஹேஷ்டேகில் எழுதிவிட்டது. உங்கள் பஜ்ஜியைவிட எவ்வளவோ கொடுமை. ஆனாலும் பதிவை உடனே நீக்கினார்கள், படிக்காமல் போட்டுவிட்டோம் என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார்கள், கோபப்பட்டவர்களுக்குத் தனித்தனியாகப் பதிலும் எழுதினார்கள்.

நீங்களும் எழுதலாம், இன்னும் நேரம் போய்விடவில்லை. "யாருடைய மனமாவது புண்பட்டிருந்தால்" என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். புண்பட்டிருக்கிறது, அதில் என்ன "இருந்தால்"? இப்படி எழுதுங்கள்: "நீங்கள் வெள்ளத்தில் தவித்த நேரத்தில் எங்கள் பஜ்ஜி பதிவு வந்தது தவறு. முன்கூட்டியே போட்டு வைத்திருந்ததை நாங்கள் நிறுத்தியிருக்க வேண்டும். உங்களை பிளாக் செய்தது அதைவிடப் பெரிய தவறு. மன்னித்துவிடுங்கள்." கீழே உங்கள் பெயரைப் போடுங்கள். லோகோ வேண்டாம். அந்த அம்மாவை பிளாக்கிலிருந்து எடுத்துவிட்டு, முதலில் அவருக்கு அனுப்புங்கள். வீட்டில் தண்ணீர் வடிந்ததா என்றும் கேளுங்கள்.